இன்னும் பழகிக்கினு இருக்கோம்

ஜூன் 2, திங்கள்

கல்லூரி திறக்க இன்னும் இரண்டு வாரம் இருக்கிறது. ஆனால் என்னைப் போன்ற தற்காலிக ஆசிரியர்களுக்குக் கோடை விடுமுறை கிடையாது. சம்பளத்துக்கு மட்டும்தான் விடுமுறை. பிரின்சிபால் ஏகாம்பரம் காலையிலேயே போன் செய்து வரச் சொன்னார். கிரைண்டரில் மாவை அப்படியே விட்டுவிட்டு ஓடினேன்.

"சபிஹா மேடம், உங்களுக்கு இந்தி தெரியும்ல?"

"உருது தெரியும் சார்."

"ரெண்டும் ஒண்ணுதான, வுடுங்க."

ஒன்றில்லை. வாணியம்பாடியில் நாங்கள் பேசுகிற உருதுவில் வேண்டாம் என்பதற்கு 'நக்கோ' என்போம். டெல்லிக்காரர்கள் அதைக் கேட்டால் வயிறு வலிக்கச் சிரிப்பார்கள். இதையெல்லாம் அவருக்கு விளக்கி மாளாது என்று தலையாட்டினேன்.

விஷயம் இதுதான். நாடாளுமன்றக் குழு ஒன்று எங்கள் கல்லூரிக்கு வருகிறது. உயர்கல்விக்கும் திறன் பயிற்சிக்கும் அரசு ஒதுக்குவது போய்ச் சேர வேண்டிய இடத்துக்குப் போய்ச் சேர்கிறதா, படித்த பிள்ளைகளுக்கு ஏதாவது பலன் உண்டா என்று நேரில் பார்த்து, நாடாளுமன்றத்துக்கு அறிக்கை கொடுக்கிற குழு. எங்களைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் எங்கள் காலணித் தொழில்நுட்பப் பட்டப்படிப்பு. இரண்டு வருடம் வகுப்பு, ஒரு வருடம் ஷூ கம்பெனியில் தொழில் பழகுவது. வருகிற உறுப்பினர்களில் தமிழ் தெரிந்தவர் எவரும் இல்லை; இந்தி மட்டுமே பேசுகிறவர்கள் உண்டு. அவர்கள் மாணவிகளிடம் கேட்பதை நான் தமிழில் சொல்ல வேண்டும். மாணவிகள் சொல்வதை இந்தியில் சொல்ல வேண்டும்.

"விசிட் மட்டும் நல்லபடியா முடியட்டும் மேடம். உங்க பைலை நானே கையில எடுத்துக்கினு போயி மேனேஜ்மென்ட்கிட்ட வெக்கறேன்."

என்னைப் பணி நிரந்தரம் செய்யும் பைல். ஒன்பது வருடமாக அது அவர் அலமாரியில் சுகமாகத் தூங்குகிறது. எனக்கு அதன் மேல் பெரிய ஆசை ஒன்றும் இல்லை.

வீட்டில் உருது, வகுப்பில் ஆங்கிலம், கோபம் வந்தால் தமிழ் என்று வளர்ந்தவள் நான். நாட்குறிப்பு தமிழில் இருப்பதற்கு அதுதான் காரணம்.

மாவு புளித்துவிட்டது. அம்மி, என் அம்மா, ஒரு பாட்டம் திட்டினாள்.

ஜூன் 4, புதன்

யமுனா வந்திருந்தாள். என்னிடம் இரண்டு வருடம் ஆங்கிலம் படித்தவள். கெட்டிக்காரி. வாய் கொஞ்சம் அதிகம். முதல் வருடத்தில் என் உச்சரிப்பையே திருத்தியிருக்கிறாள். சரியாகத்தான் திருத்தினாள், அதனால் சும்மா விட்டேன்.

அவளும் அவள் வகுப்புப் பெண்களுமாகப் பன்னிரண்டு பேர் ஷூ கம்பெனியில் தொழில் பழகப் போனார்கள். ஒரு வருடப் பயிற்சி போன ஜூனோடு முடிந்திருக்க வேண்டும். கம்பெனி 'தொழில் பழகி முடித்தார்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டால்தான் பட்டம் கிடைக்கும். கம்பெனி மேனேஜர் சந்தானம் போடவில்லை. கேட்கும்போதெல்லாம் "இன்னும் சரியா பழகலயேம்மா" என்கிறாராம். இரண்டாவது வருடமும் ஓடிவிட்டது. பழகுகிற பெண்ணாக இருக்கும்வரை அவளுக்குப் பயிற்சி உதவித்தொகைதான், தொழிலாளிச் சம்பளம் இல்லை. சந்தானத்துக்கு எதற்காக அவசரம்?

"இப்ப இன்னா புதுசா?" என்று கேட்டேன்.

"அரசு ஐ.டி.ஐ.ல பயிற்றுநர் வேலைக்கு ஆள் எடுக்குறாங்க மேடம். பட்டம் வேணும். பழகி முடிச்சதுக்கு அப்பால ஒரு வருஷம் அனுபவமும் வேணும். இந்த மாசக் கடைசிக்குள்ள விண்ணப்பம் போடணும்."

"சரி, அப்போ கையெழுத்து வாங்கு."

"இப்ப வாங்கினா, இப்பதான் முடிச்சேன்னு ஆயிடும். அனுபவம் எங்கேருந்து வரும்? போன ஜூன் தேதி போட்டுத் தரணும் மேடம். அப்பதான முடிச்சேன்? அதுக்கு அப்பால செஞ்சதெல்லாம் வேலைதான?"

கணக்கு சரியாகத்தான் இருந்தது. பிரின்சிபாலிடம் போய்ச் சொல் என்றேன்.

"சொல்லிட்டேன். கமிட்டி வந்து போவட்டும்மான்னாரு."

"அப்போ வந்து போகட்டும்" என்று நானும் சொன்னேன். யமுனா சிரித்தாள். அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்கவில்லை.

ஜூன் 7, சனி

பக்ரீத். குர்பானிக் கறியை மூன்று பங்கு போட்டு, உறவுக்காரர்களுக்கான பங்கைச் சுமந்துகொண்டு தெருத்தெருவாக நடந்தேன். ஒவ்வொரு வீட்டிலும் கறியை வாங்கிக்கொண்டு ஒரே கேள்வி. அம்மியின் தங்கை நசீமா காலா கதவைத் திறக்கும்போதே கேட்டாள், "வேலை பர்மனெண்ட் ஆச்சா?"

"ஆயிடும் காலா."

"போன பக்ரீத்துக்கும் இதான் சொன்னே."

பாத்திரத்தைக் கழுவிக்கூடத் தராமல் திருப்பிக் கொடுத்தாள்.

சாயங்காலம் புதுப் பேனா எழுதுகிறதா என்று பார்க்கச் செய்தித்தாள் ஓரத்தில் எழுதிப் பார்த்தேன். சபிஹா பேகம், உதவிப் பேராசிரியர். இன்னொரு தடவையும் எழுதினேன். பேனா நன்றாக எழுதுகிறது.

ஜூன் 10, செவ்வாய்

ஒத்திகை. பன்னிரண்டு பெண்களையும் கருத்தரங்கு அறையில் உட்கார வைத்திருந்தார்கள். மேனேஜர் சந்தானமே வந்திருந்தார். வெள்ளைச் சட்டை, மடிப்புக் கலையாத பேச்சு. யாரையும் திட்ட மாட்டார். புன்னகையோடு எல்லாவற்றையும் மறுப்பார்.

"பாருங்கம்மா, அவங்க என்ன கேட்டாலும் ஒரே பதில். இன்னும் பழகிக்கினு இருக்கோம். அவ்ளோதான். பொய் சொல்லச் சொல்லல. தொழில்னா சாகுற வரைக்கும் பழகுறதுதானே? நானே இன்னும் பழகிட்டுத்தான் இருக்கேன்."

"உங்களுக்கும் பயிற்சித் தொகைதானா சார்?" என்று பின்வரிசையிலிருந்து ஒரு குரல். யார் என்று நான் திரும்பிப் பார்க்கவில்லை. தெரிந்த குரல்தான்.

பிரின்சிபால் பெண்களை என்னிடம் ஒப்படைத்துவிட்டு, சந்தானத்தோடு டீ குடிக்கப் போய்விட்டார். எழுந்து நில், கைகட்டு, மெதுவாகப் பேசு என்று நான் சொல்லிக்கொடுத்தேன். ஒவ்வொருத்தியாக எழுந்து சொன்னார்கள். இன்னும் பழகிக்கினு இருக்கோம். இன்னும் பழகிக்கினு இருக்கோம். யமுனாவின் முறை வந்ததும் அவள் எழுந்திருக்கவில்லை.

"மேடம், நீங்க இந்தக் காலேஜுக்கு வந்து எத்தினி வருஷம்?"

"அதுக்கும் இதுக்கும் இன்னா?"

"ஒண்ணுமில்ல. நீங்களும் இன்னும் பழகிக்கினுதான இருக்கீங்க?"

வாய்த்துடுக்குக்கு ஒரு எல்லை உண்டு. வெளியே போகச் சொல்லிக் கத்தினேன். போய்விட்டாள். மற்ற பெண்கள் தரையைப் பார்த்தார்கள்.

ஜூன் 11, புதன்

அவள் சொன்னதில் தப்பு ஒன்றும் இல்லை. எரிச்சலே அதுதான்.

ஜூன் 14, சனி

குழுவின் முன்னால் திணறக் கூடாது என்று சொற்களைத் தயார் செய்துகொண்டிருக்கிறேன். தையல் பிரிவு, பட்டம், உதவித்தொகை எல்லாவற்றுக்கும் இந்தி கிடைத்துவிட்டது. ஒரு சொல்தான் இடித்தது. அம்மி பூண்டு உரித்துக்கொண்டிருந்தாள். அவளிடம் போய், பழகிடுச்சு என்பதை உருதுவில் எப்படிச் சொல்வாய் என்று கேட்டேன்.

"எது பழகிடுச்சு?" என்றாள் அம்மி. "தையலா, கஷ்டமா?"

"ரெண்டுக்கும்தான் சொல்லேன்."

"தையல்னா சீக் லியா. கஷ்டம்னா ஆதத் ஹோ கயி. ரெண்டும் எப்படி ஒண்ணாகும்? ஒண்ணு கைக்கு வர்றது. ஒண்ணு தலையெழுத்து."

தமிழில் ஒன்றுதான். கற்றுத் தேறினாலும் பழகிடுச்சு, சகித்துச் சகித்து மரத்துப் போனாலும் பழகிடுச்சு. இத்தனை வருடம் பேசுகிறேன், இன்றுதான் கவனிக்கிறேன். இதைப் போய் இங்கே எதற்காக எழுதி வைக்கிறேன் என்று எனக்கே தெரியவில்லை.

சிலிண்டர் தீர்ந்துவிட்டது. பதிவு செய்ய வேண்டும்.

ஜூன் 17, செவ்வாய்

வந்து போய்விட்டார்கள். நடந்ததை நடந்தபடி எழுதி வைக்கிறேன்.

வாசலில் கோலம், மாலை, நாதஸ்வரம் எல்லாம் அமர்க்களப்பட்டது. இந்த நாதஸ்வரக்காரரைப் பட்டமளிப்பு விழாவுக்குக்கூட நாங்கள் கூப்பிட்டதில்லை. பிரின்சிபால் திரையில் படம் போட்டுப் பேசினார். சந்தானம் ஆங்கிலத்தில் பேசினார். உறுப்பினர்கள் முந்திரிப் பருப்பைக் கொறித்தபடி கேட்டார்கள். ஒருவர் கொஞ்சம் கண்ணயர்ந்தார். அவரைக் குறை சொல்ல மாட்டேன், நானே கொட்டாவியை அடக்கிக்கொண்டுதான் இருந்தேன்.

ஒரு அம்மா மட்டும் எதையும் தொடவில்லை. கமலேஷ் தேவி என்று பெயர்ப் பலகையில் இருந்தது. வடக்கே ஏதோ மலை மாவட்டம். பருத்திச் சேலை, கனத்த குரல். இந்தி தவிர வேறு பேசவில்லை. மாணவிகளைக் கூப்பிடுங்கள் என்றார்.

எவ்வளவு காலமாகப் பயிற்சி என்று முதல் பெண்ணைக் கேட்டார். தமிழில் சொன்னேன்.

"இன்னும் பழகிக்கினு இருக்கோம்மா."

இந்தியில் சொன்னேன். அடுத்த பெண்ணைக் கேட்டார். அதே பதில். மூன்றாவது பெண்ணைக் கேட்டார். அதே பதில். சந்தானம் புன்னகைத்தார். நடுவில் இன்னும் டீ வேண்டுமா என்று அந்த அம்மாவே என்னைக் கேட்க, நான் வாய் தவறி 'நக்கோ ஜீ' என்று சொல்லிவிட்டேன். மேசை முழுக்கச் சிரித்தது. தூங்கியவர்கூட எழுந்து சிரித்தார். அந்த அம்மாவும் சிரித்தார். ஆனால் கண் பெண்களின் மேலேயே இருந்தது.

பிறகு யமுனாவைப் பக்கத்தில் கூப்பிட்டார். அவள் விரலில் ஊசி ஏறிய தழும்பு இருக்கிறது. அதைத் தொட்டுப் பார்த்து, வேலை சிரமமாக இருக்கிறதா மகளே என்று கேட்டார்.

"வேலையெல்லாம் பழகிடுச்சாம்மான்னு கேக்கறாங்க" என்றேன் நான்.

இதில் என்ன தவறு? எங்கள் பக்கத்தில் யாரும் அப்படித்தான் கேட்பார்கள். புது மருமகளைக் கேட்டாலும், புது வாத்தியாரைக் கேட்டாலும் அப்படித்தான்.

யமுனா என்னைப் பார்த்தாள். ஒரு நொடிதான்.

"பழகிடுச்சும்மா."

"சீக் லியா, ஜீ" என்றேன். "பூரா சீக் லியா."

கற்றுக்கொண்டுவிட்டாள், முழுக்கக் கற்றுக்கொண்டுவிட்டாள். அந்த 'பூரா' எங்கிருந்து வந்ததென்று தெரியவில்லை. வேகத்தில் வந்துவிட்டது.

கமலேஷ் தேவி நாற்காலியில் நிமிர்ந்தார். முழுக்கக் கற்றுக்கொண்டவளை எதற்காக இன்னும் பயிற்சியில் வைத்திருக்கிறீர்கள் என்று கேட்டார். சந்தானத்தின் புன்னகை அப்படியே நின்றது. பிரின்சிபால் எழுந்தே விட்டார். மேடம் தவறாக மொழிபெயர்த்துவிட்டார், அந்தச் சொல்லுக்குக் கற்றுக்கொண்டாள் என்று அர்த்தமில்லை, சகித்துப் பழகிப்போய்விட்டது என்றுதான் அர்த்தம் என்று ஆங்கிலத்தில் படபடவென்று சொன்னார். பக்கத்திலிருந்த உறுப்பினர் அதை அந்த அம்மாவுக்கு இந்தியில் சொன்னார்.

"அப்படியா?" என்றார் கமலேஷ் தேவி. "எதைச் சகித்துப் பழகிப்போய்விட்டது?"

பிரின்சிபால் தண்ணீர் கிளாஸை எடுத்து, குடிக்காமலே கீழே வைத்தார். நான் அவரையே பார்த்துக்கொண்டிருந்தேன். பொய் சொல்ல மாட்டேன், பார்க்க நன்றாக இருந்தது.

இரண்டில் எது என்று அந்தப் பெண்ணையே கேளுங்கள், நீங்களே கேளுங்கள் என்றார் அந்த அம்மா. வேறு வழியில்லாமல் பிரின்சிபால் திரும்பினார்.

"யமுனா, பயப்படாம சொல்லு. நீ வேலை பழகிட்டியா, இல்லியா?"

பயப்படாமல் என்று அவர் சொன்ன விதத்தில் யாருக்கும் பயம் வரும். யமுனா கழுத்திலிருந்த அட்டையைப் பிடித்துக்கொண்டாள். சந்தானத்தைப் பார்த்தாள். என்னை அவள் பார்க்கவில்லை.

"பழகிட்டேன் சார். போன வருஷமே பழகிட்டேன். இப்ப கம்பெனியில புதுசா ஆள் எடுத்தா நான்தான் சார் பழக்கி வுடறேன். நான் பழக்கின பொண்ணுங்களுக்கு ஆபரேட்டர்னு அட்டை குடுத்துட்டாங்க. என் கழுத்துல மட்டும் இன்னும் பழகுநர்னு தொங்குது."

அட்டையைத் தூக்கிக் காட்டினாள். நான் வரிக்கு வரி இந்தியில் சொன்னேன். இந்தத் தடவை ஒரு சொல்லைக்கூடக் கூட்டவில்லை, கூட்டத் தேவையும் இல்லை. பழக்குகிறேன் என்பதற்குச் 'சிகாத்தி ஹூம்' என்று சொன்னபோது என் குரல் உடைந்தது. முதலில் பதில் சொன்ன பெண் எழுந்து, "நானும் பழகிட்டேம்மா" என்றாள். அடுத்தவள் எழுந்தாள். கைகட்டி நிற்கச் சொல்லிக்கொடுத்திருந்தேன். ஒருத்தியும் கைகட்டவில்லை.

இந்தப் பன்னிரண்டு பேரையும் ஏன் விடுவிக்கவில்லை என்று மாத இறுதிக்குள் எழுத்துமூலம் பதில் வேண்டும் என்று சொல்லிவிட்டுக் குழு கிளம்பியது. போகும்போது கமலேஷ் தேவி என் தோளில் தட்டி, "நக்கோ" என்றார். கிண்டலா, பாராட்டா என்று தெரியவில்லை. இரண்டாகவும் வைத்துக்கொள்கிறேன்.

ஜூன் 18, புதன்

எதிர்பார்த்ததுதான். பிரின்சிபால் ஒரு தாளை நீட்டினார். 'எனது போதிய மொழியறிவின்மையால் மாணவியின் பதிலைத் தவறாக மொழிபெயர்த்தேன்' என்று தட்டச்சு செய்திருந்தது. கீழே என் பெயர். கையெழுத்துப் போட்டால் குழுவுக்குப் போகும் பதிலோடு இணைத்துவிடுவார்கள்.

"போட்டுருங்க மேடம். உங்க கான்ட்ராக்ட் இந்த மாசத்தோட முடியுது. தெரியும்ல?"

"தெரியும் சார். வேணும்னா இப்படி எழுதித் தர்றேன். அந்தச் சொல்லுக்கு ரெண்டு அர்த்தம் உண்டு. நான் சொன்னதும் சரி, நீங்க சொன்னதும் சரி. பொண்ணுங்க தொழிலையும் கத்துக்கிட்டாங்க, உங்க அநியாயத்தையும் சகிச்சுப் பழகிட்டாங்க."

"சோறு போட்ட எடத்துக்கே குழி பறிக்கறீங்களே, நல்லா இருக்கா?"

"சோறு போட்டது என் வகுப்பு சார். நீங்க இல்ல."

இதை அவர் முகத்துக்கு நேராகத்தான் சொன்னேன். வெளியே வந்தேன். நூலகப் படியில் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன்.

அம்மியிடம் இன்னும் சொல்லவில்லை. முருங்கைக்கீரை ஆய்ந்து கொடுத்தேன்.

ஜூன் 20, வெள்ளி

யமுனாவும் இரண்டு பெண்களும் வந்தார்கள். கம்பெனியில் ஒன்றும் நடக்கவில்லையாம். சந்தானம் வழக்கம்போலப் புன்னகைக்கிறாராம். பயிற்சி இன்னும் ஆறு மாதம் நீட்டிக்கப்படும், குழுவுக்கு அப்படித்தான் பதில் எழுதப்போகிறோம் என்றாராம்.

"டெல்லிக்காரங்க ஏதாவது செய்வாங்களா மேடம்?"

மழுப்ப மனம் வரவில்லை. நாடாளுமன்றக் குழு கேள்வி கேட்கும், சிபாரிசு செய்யும், அறிக்கை வைக்கும். உங்கள் சான்றிதழில் வந்து கையெழுத்துப் போடாது என்றேன். அறிக்கை வரும்போது யமுனாவின் விண்ணப்பத் தேதி போய்விட்டிருக்கும்.

யமுனா நகத்தைக் கடித்தாள்.

"மேடம், கமிட்டி முன்னாடி நாங்க பழகிட்டோம்னு சொன்னது பதிவாயிடுச்சுல்ல?"

"ஆயிடுச்சு."

"அப்போ பழகி முடிச்சவங்க எதுக்கு திங்கக்கிழமை பழகப் போவணும்?"

போ என்றும் சொல்லவில்லை, போகாதே என்றும் சொல்லவில்லை. டீ போட்டுக் கொடுத்தேன், அவ்வளவுதான்.

ஜூன் 23, திங்கள்

பன்னிரண்டு பேரும் கம்பெனி பஸ்ஸில் ஏறவில்லை. நேராகக் கல்லூரிக்கு வந்து பிரின்சிபால் அறைக்கு எதிரே வராண்டாவில் உட்கார்ந்துவிட்டார்கள். கோஷம் இல்லை, பதாகை இல்லை. எலுமிச்சைச் சாதமும் தண்ணீர் பாட்டிலும் கொண்டுவந்திருந்தார்கள். ஒருத்தி ஸ்வெட்டர் பின்னிக்கொண்டிருந்தாள், இந்த வெயிலில்.

"இங்க இன்னா பண்றீங்க?" என்று பிரின்சிபால் கத்தினார்.

"காலேஜ் பிள்ளைங்கதான சார் நாங்க? காலேஜுக்கு வந்திருக்கோம்."

பட்டம் கொடுக்காததால் அவர்கள் இன்னும் இந்தக் கல்லூரி மாணவிகள்தான். அவரால் வெளியே போகச் சொல்ல முடியவில்லை. நான் வகுப்புக்குப் போகிற வழியெல்லாம் சிரித்தேன்.

ஜூன் 24, செவ்வாய்

கம்பெனியில் புது ஆட்கள் தைத்த ஷூ மேல்பாகம் கோணல் கோணலாக வந்து, கட்டுக்கட்டாகத் திருப்பி அனுப்பப்பட்டதாம். கப்பலுக்கு அனுப்ப வேண்டிய சரக்கு. பழக்கிவிட ஆளில்லை. சந்தானத்தின் கார் இன்று கல்லூரிக்கு வந்தது. இறங்கியவர் முகத்தில் புன்னகையைக் காணோம்.

ஜூன் 25, புதன்

என் ஒப்பந்தம் நீட்டிக்கப்படாது என்று கடிதம் வந்தது. அம்மியிடம் சொன்னேன். ஏன் என்று கேட்டாள். எல்லாவற்றையும் சொன்னேன், அந்த 'பூரா'வையும்.

"அது வேகத்துல வரல. நீ வேணும்னேதான் சொன்னே" என்றாள்.

அழுதேன். ஒன்பது வருடத்துக்கும் சேர்த்து அழுதேன். அம்மி என் தலையில் கை வைத்து, நசீமா கேட்டால் நீயே வேண்டாமென்று விட்டாய் என்று சொல்கிறேன் என்றாள். அப்படி ஒன்றும் சொல்லத் தேவையில்லை, உள்ளதையே சொல் என்றேன்.

ஜூன் 27, வெள்ளி

காலையில் பிரின்சிபால் அறைக்குக் கூப்பிட்டார்கள். பெண்கள் என் பேச்சைக் கேட்பார்கள் என்று நினைப்பு. உள்ளே போட்டோக்காரர் நின்றிருந்தார். மேசையில் சான்றிதழ்கள் அடுக்கியிருந்தன. சந்தானம் எல்லாவற்றிலும் கையெழுத்துப் போட்டுவிட்டார். விடுவித்துவிட்டோம் என்று குழுவுக்கு அனுப்பும் பதிலோடு ஒரு போட்டோவும் வைக்கத் திட்டம்.

யமுனாவை முதலில் கூப்பிட்டார்கள். சந்தானம் சான்றிதழை நீட்டினார். போட்டோக்காரர் காமிராவைத் தூக்கினார். யமுனா குனிந்து படித்துப் பார்த்தாள். கையை நீட்டவில்லை.

"தேதி தப்பா இருக்குது சார்."

"இன்னைக்குத் தேதிதானேம்மா போட்டிருக்கு?"

"அதான் தப்பு. நான் இன்னிக்கு முடிக்கல."

"கையெழுத்துதான கேட்டீங்க? போட்டாச்சுல்ல?"

"கையெழுத்து மட்டும் கேக்கல சார். நாங்க முடிச்ச தேதிய கேக்கறோம். இதை வாங்கினா இந்த ஒரு வருஷம் நான் ஒண்ணும் தெரியாம நின்னேன்னு ஆயிடும். நான் நிக்கல. வேலை செஞ்சேன்."

பிரின்சிபால் அடுத்த பெண்ணின் பெயரைக் கூப்பிட்டார். அவள் வந்தாள், பார்த்தாள், யமுனாவின் பக்கத்தில் போய் நின்றுகொண்டாள். மூன்றாவது பெண்ணும் அப்படியே. போட்டோக்காரர் காமிராவை இறக்கி மேசை மேல் வைத்தார். வாங்காமல் போனால் ஐ.டி.ஐ. வேலை போயே போய்விடும் என்று யமுனாவுக்குத் தெரியும். ஆனாலும் அசையவில்லை.

பிரின்சிபால் என் பக்கம் திரும்பினார்.

"மேடம், நீங்களாவது கொஞ்சம் பேசுங்க. இவங்க இன்னாதான் கேக்கறாங்கன்னே எங்களுக்குப் புரியல."

"இந்திக்காரங்களுக்குப் புரியலன்னா மொழிபெயர்ப்பேன் சார்" என்றேன். "இவங்க தமிழ்லதான் கேக்கறாங்க."

வராண்டாவிலிருந்து மற்ற பெண்களும் உள்ளே வந்து சுவரோரம் நின்றார்கள். சந்தானம் கைக்கடிகாரத்தைப் பார்த்தார், போனைப் பார்த்தார், மேசையிலிருந்த குழுவின் கடிதத்தைப் பார்த்தார். பிறகு சான்றிதழ்களை மொத்தமாக எடுத்து இரண்டாகக் கிழித்துக் குப்பைக்கூடையில் போட்டார். தட்டச்சு செய்கிறவரைக் கூப்பிடச் சொல்லிவிட்டு, சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுத்தார்.

"போன வருஷம் ஜூன்ல எந்தத் தேதிம்மா?" என்று யமுனாவைக் கேட்டார்.

யமுனா சொன்னாள். அவர் எழுதிக்கொண்டார்.